முட்டு ரெண்டும் சேர்த்து வை

அன்பு மக்களே,

நேற்று ராத்திரி உன்னிடம் வீடியோவில் பேசி வைத்த பிறகு எனக்கு உறக்கமே வரவில்லை. வயிற்றுப் பிள்ளையோடு நீ அடுக்களையில் அந்த உயரமான ஸ்டூலில் இருந்து பேசிக்கொண்டிருந்தாய். வாசலில் மணி அடித்தது, எழும்பினாய். ஒரே மூச்சில் எழும்பவில்லை. முதலில் மேடையின் விளிம்பைப் பிடித்தாய், விரல் மூட்டெல்லாம் வெளுத்துப்போனது. பாதி எழும்பி, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்று, பிறவுதான் மீதி எழும்பினாய். என்ன மக்களே என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லம்மா, கால் மரத்துப்போச்சு" என்றாய். கால் மரத்தவள் காலைத்தான் உதறுவாள். நீ முதுகின் நடுவில் கையை வைத்தாய்.

ஊர்ச் செய்தி நிறைய இருக்கிறது. கன்னிப்பூ அறுப்பு முடிந்தது, வைக்கோல் எல்லாம் மழையில் நனைந்துபோச்சு. மற்றதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். இப்போது எனக்கு வேறு எதுவும் எழுத ஓடவில்லை.

மாப்பிள்ளை மேல் கோபப்படாதே. அண்ணனிடம் பேசும்போது வாய் தவறித்தான் சொல்லியிருக்கிறார், முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்கிற கைரோபிராக்டரிடம் நீ மூன்று தடவை போய்விட்டாய் என்று. மூன்று தடவை! ஒரு தடவைகூட என்னிடம் சொல்லத் தோன்றவில்லையா? நம்ம குடும்பத்தில் முதல்முதலாகக் கடல் தாண்டிப் போனவள், இங்கிலாந்தில் லெஸ்டரில் சொந்தமாக வீடு வாங்கினவள் என்று வடசேரி சந்தையில் காய் விற்கிறவர்களிடம்கூடச் சொல்லிக்கொண்டு நடக்கிறேன். என் மகளுக்கு நடுவு நோவு என்பது மட்டும் எனக்கு மூன்றாவது ஆள் சொல்லித் தெரிய வேண்டியிருக்கிறது.

அண்ணன் அந்தப் பெயரைச் சொன்னதும் அவன் மகன் அப்பு போனை எடுத்து யூடியூபில் போட்டுக் காட்டினான். ஒரு ஆள் ஒரு பெண்ணின் தாடையைப் பிடித்து ஒரே வெட்டாக வெட்டித் திருப்புகிறார், சடசடவென்று சத்தம். எனக்கு அடிவயிறு கலங்கிப்போச்சு. என் பிள்ளையையும் இப்படித்தான் செய்கிறார்களா என்று ஒரே வெப்ராளம்.

மேலத்து வீட்டுப் பிள்ளை பிசியோதெரபி படித்துவிட்டு நாகர்கோவிலில் வேலை பார்க்கிறாள் இல்லையா, முருங்கைக்கீரை கொண்டு வந்தவளைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். எங்க சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு என்று சொல்லித்தான் கேட்டேன், உன் பேரைச் சொல்லவில்லை. பொறுமையாகச் சொன்னாள். அந்தச் சத்தம் எலும்பு உடைகிற சத்தம் இல்லையாம். மூட்டுக்குள் இருக்கும் நீரில் வாயுக் குமிழி உண்டாகும்போது வருவதாம், நாம் விரலைச் சொடக்கு எடுப்பது போல. கர்ப்பிணிக்கு அப்படி வெட்டித் திருப்ப மாட்டார்களாம். ஒருக்களித்துப் படுக்க வைத்தோ, வயிற்றுக்குப் பள்ளம் வைத்த மெத்தையில் கிடத்தியோ மெதுவாகத்தான் அழுத்துவார்களாம். கழுத்தை மட்டும் தொட விடாதே என்றாள். கழுத்தைச் சடக்கென்று திருப்புகையில் அபூர்வமாக மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் கிழிசல் விழுந்து பக்கவாதம் வருவதுண்டாம். உனக்கு நோவு நடுவிலும் இடுப்பிலும்தானே, கழுத்துக்கு அங்கே என்ன சோலி? வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லு. கூச்சப்படாதே.

வலி ஏன் வருகிறது என்றும் கேட்டேன். ரிலாக்ஸின் என்று ஒரு ஹார்மோன் சுரந்து, எலும்பைக் கட்டி நிறுத்துகிற நாரை எல்லாம் இளக்குமாம். அதோடு வயிறு முன்னால் தள்ள, முதுகு வளைய, முன்னால் ஒரு பொருத்தும் பின்னால் ரெண்டு பொருத்தும் உள்ள இடுப்புக்கூடு இந்தப் பக்கம் ஒரு மாதிரி, அந்தப் பக்கம் ஒரு மாதிரி அசையுமாம். படி ஏறும்போது, கட்டிலில் புரளும்போது, ஒற்றைக் காலில் நின்று துணி உடுக்கும்போது சுரீரென்று குத்துவது அதனால்தான். ஐந்து கர்ப்பிணியில் ஒருத்திக்கு இந்த இடுப்பு வலி உண்டாம். நாங்கள் எல்லாம் சூட்டு வலி, வாயு வலி என்று சொல்லிக் கழித்தது இதைத்தான்.

அதனால் சொல்லுகிறேன், கேட்டியா. கட்டிலில் திரும்பும்போது முட்டு ரெண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு ஒன்றாகத் திரும்பு. காரில் இருந்து இறங்கும்போதும் அப்படித்தான், முட்டு ரெண்டையும் சேர்த்து வைத்து இடுப்போடு வெளியே திரும்பி, பிறவு எழும்பு. உட்கார்ந்து துணி உடு. முட்டுக்கு நடுவில் தலையணை வைத்து ஒருக்களித்துப் படு. மல்லாந்து படுக்காதே, இருபத்தெட்டு வாரம் ஆகிறதே. படியில் ஒரு காலை வைத்து மறு காலை அதே படியில் சேர்த்துப் பிறவு அடுத்த படி. கடைப்பையை ஒற்றைக் கையில் தூக்காதே. இடுப்புக்குக் கட்டுகிற பெல்ட் ஒன்று உண்டாம், அங்கே பிசியோவிடம் கேட்டால் அளவு பார்த்துச் சொல்வார்கள்.

நீ போவது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. நான் வர்ம ஆசான் வீட்டில் பிறந்தவள், கைவைத்தியத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. திண்ணையில் காயத்திருமேனித் தைலத்தின் வாசத்தில் வளர்ந்தவள். 12 படுவர்மம், 96 தொடுவர்மம், மொத்தம் 108 என்று தாத்தா விரல் மடக்கிச் சொல்லிக் கொடுத்ததை நீயும் கேட்டிருக்கிறாய். மரத்திலிருந்து விழுந்தவனைக் கட்டிலில் தூக்கி வருவார்கள், அவன் நடந்து திரும்பிப் போவதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்று உனக்குத் தெரியாது, நீ அப்போது பிறக்கவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி யாராவது நடுவைத் திருமிவிடச் சொல்லி வந்தால் தாத்தா கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். "எத்தன மாசம் பிள்ளே? வலி நிக்குதா, விட்டு விட்டு வருதா? ஒண்ணுக்கு எரியுதா?" இந்த மூன்றும்தான் கேட்பார். பதில் சரியில்லை என்றால் அப்போதே தக்கலை ஆஸ்பத்திரிக்குக் கார் பிடிக்கச் சொல்வார். பதில் சரியாக இருந்தாலும் தவிட்டை வறுத்துத் துணியில் கட்டி இளஞ்சூட்டில் முதுகில் ஒத்தச் சொல்வார், அவ்வளவுதான். அந்த விரல் ஒரு கர்ப்பிணியின் மேல் பட்டு நான் பார்த்ததில்லை.

உன் கைரோபிராக்டர் இந்த மூன்றையும் கேட்டாரா? அதை எனக்குச் சொல்லு.

இந்த வைத்தியம் 1895-ல் அமெரிக்காவில் அயோவாவில் டேவன்போர்ட் என்ற ஊரில் பால்மர் என்று ஒருத்தர் தொடங்கினதாம். முதுகெலும்பு பிசகுவதுதான் கிட்டத்தட்ட எல்லா நோய்க்கும் மூலம் என்றது அவர் காலத்துப் பேச்சு. அப்படி இன்றைக்கும் பேசுகிறவர் யாராவது இருந்தால் அவரிடம் போகாதே. முதுகு வலிக்கு முதுகைப் பார்க்கிறவர் என்றால் சரி. இங்கிலாந்தில் ஜெனரல் கைரோபிராக்டிக் கவுன்சில் என்று ஒன்று இருக்கிறதாம், அதில் பதிவு இல்லாமல் கைரோபிராக்டர் என்ற பெயரை வைத்துக்கொள்வதே சட்டப்படி குற்றமாம். அவர் பெயர் அதில் இருக்கிறதா என்று மாப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லு. எக்ஸ்ரே எடுக்கணும் என்று சொன்னால் எழும்பி வந்துவிடு.

பிள்ளை தலை மேலே இருக்கிறது, கைரோபிராக்டர் இடுப்பை அழுத்துகிற ஏதோ வெப்ஸ்டர் முறை செய்தால் திரும்பும் என்றாராம், அதையும் மாப்பிள்ளைதான் சொன்னார். மக்களே, இந்த மாசத்தில் தலை மேலே இருப்பது சாதாரணம். கடைசியில் நூற்றில் மூன்று நான்கு பிள்ளைதான் அப்படியே நிற்கும், மற்றதெல்லாம் தானே திரும்பிவிடும். அப்படித் திரும்பாவிட்டால் 36, 37 வாரத்தில் ஆஸ்பத்திரியிலேயே ஸ்கேன் வைத்துப் பார்த்து, வயிற்றின் மேலிருந்து கையால் திருப்ப முயற்சி செய்வார்கள். இடுப்பை அழுத்தினால் பிள்ளை திரும்பும் என்பதற்கு நல்ல சாட்சி இல்லை என்றுதான் மேலத்து வீட்டுப் பிள்ளை சொன்னாள். வலிக்கும் அப்படித்தான், சில பேருக்குக் கை வைத்தால் ஆறுதல் கிடைக்கிறதாம், ஆனால் உறுதியாகச் சொல்லும்படி ஆராய்ச்சி போதாது, உடற்பயிற்சிக்குத்தான் அதைவிடக் கொஞ்சம் சாட்சி உண்டு என்றாள். உனக்கு ஆறுதல் கிடைக்கிறது என்றால் போ. உன் பிரசவத்தைக் கவனிக்கிற மிட்வைஃபிடம் சொல்லிவிட்டுப் போ. சொல்லியிருக்கிறாயா? சொல்லியிருக்க மாட்டாய். எனக்குத் தெரியும்.

ஏன் தெரியும் என்றால், சொல்லாதே என்று பழக்கினது நான்தான். பத்தாம் வகுப்பில் பரீட்சை அன்றைக்கு மாத வலியில் நீ சுருண்டு கிடந்தாய். "வெளியே காட்டிக்காத, பொம்பளைக்கு இது ஒரு வலியா" என்று சொல்லிப் பஸ் ஏற்றிவிட்டேன். நீ பரீட்சை எழுதி நல்ல மார்க் வாங்கினாய், நானும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இன்னொன்று எழுத வேண்டும். எட்டு வருஷமாக என் தொண்டையில் நிற்கிறது.

அப்பு மாசம் தெகையாமல் பிறந்தானே, உன் மைனி கிணற்றடியில் குடம் தூக்கினாள், அதனால்தான் என்று உன்னிடம் சொன்னேன். அண்ணனிடமும் சொன்னேன், பாறசாலை சித்தியிடமும் சொன்னேன். நீயும் போனில் அவளை ஏசினாய். மக்களே, அவள் குடம் தூக்கவில்லை.

ரெண்டு நாளாக "மாமி, நடுவு கடுக்கு, வந்து வந்து போவுது" என்றாள். ஒண்ணுக்கு எரிகிறது என்றும் சொன்னாள். தாத்தா கேட்கும் மூன்று கேள்விக்கும் நான் கேட்காமலே அவள் பதில் சொல்லிக்கொண்டு நின்றாள், அந்த ஆசானின் மகள் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சீரகத் தண்ணி கொடுத்தேன், தைலம் போட்டுத் திருமிவிட்டேன். தாத்தா தொடமாட்டார் என்று தெரிந்தும் நான் தொட்டேன். ராத்திரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றான், விடியட்டும் என்றேன். அறுப்புக்கு ஆள் வருகிற நாள், காலையில் இருபது பேருக்குக் கஞ்சி வைக்க வேண்டும், எனக்கு அந்த யோசனைதான். விடியுமுன்னே பனிக்குடம் உடைந்தது. அப்புவுக்கு ஒரு கிலோ எழுநூறு. கண்ணாடிப் பெட்டியில் இருபத்தாறு நாள். சிறுநீரில் கிருமி இருந்து வலி தொடங்கியிருக்கும், ரெண்டு நாள் முன்னால் வந்திருந்தால் பிள்ளையின் நுரையீரலுக்கு ஊசி போட்டிருக்கலாம் என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். வெளியே வந்த நான் குடத்தைச் சொன்னேன். அவள் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

நேற்று நீ மேடையைப் பிடித்தபோது எனக்குத் தெரிந்தது அவள் பிடித்த கதவு நிலைதான்.

ஆகவே மக்களே, வலி ஒரே இடத்தில் நின்று, அசையும்போது மட்டும் குத்தினால் பொறுமையாகப் பார்த்துக்கொள்ளலாம். விட்டு விட்டு வந்தால், வயிறு கல்லுப்போல இறுகி இளகினால், நீரோ ரத்தமோ பட்டால், எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால், தொடை இடுக்கு மரத்து ஒண்ணுக்குப் போவது தெரியாமல் போனால், தலை வெடிக்கிற வலி வந்து கண் மங்கினால், பிள்ளை அசைவு குறைந்தால், கைரோபிராக்டரைத் தேடாதே, என்னையும் கூப்பிட வேண்டாம். ராத்திரி எத்தனை மணி ஆனாலும் ஆஸ்பத்திரிப் பிரசவப் பிரிவுக்குப் போன் பண்ணு. விடியட்டும் என்று யார் சொன்னாலும் கேட்காதே, நான் சொன்னாலும் கேட்காதே.

மற்ற வலியை என்னிடம் சொல்லு. நான் ஏச மாட்டேன். பொம்பளைக்கு இது ஒரு வலியா என்று சொல்ல மாட்டேன்.

உளுந்து வறுத்துப் பொடித்து, கருப்பட்டியும் சேர்த்துப் பார்சல் கட்டியிருக்கிறேன். ஐந்து கிலோ இருக்கும். வந்தால் நீ குனிந்து எடுக்காதே, மாப்பிள்ளை எடுக்கட்டும். களி கிண்டும்போது நல்லெண்ணெய் கூட விடு. திரும்பும்போது முட்டு ரெண்டையும் சேர்த்து வை.

இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பப்போவது உன் மைனிதான், எனக்கு அது தெரியாதே. இப்போது அடுக்களையில் தேங்காய் திருவிக்கொண்டிருக்கிறாள், முடிந்ததும் கையில் கொடுத்துவிடுவேன். மொத்தம் ஆறு பக்கம். ஆறும் வந்து சேர்ந்ததா என்று எண்ணிப் பார்த்துச் சொல்லு.

உன் அம்மா