அந்தப் பெண்ணை டெர்ரே ஹோட்டுக்கு அழைத்துப் போ

பியோரியா, இல்லினாய்
அக்டோபர்

அன்புள்ள கயலுக்கு,

உன் அணியில் இதுவரை தோற்காத அந்தப் பெண்ணை டெர்ரே ஹோட்டில் நடக்கும் போட்டிக்கு அழைத்துப் போகலாமா என்று ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்கு அப்போதே என்னிடம் பதில் இருந்தது. அதற்குள் அம்மா தொலைபேசியை வாங்கிக்கொண்டாள். பேச்சு உன் கல்யாணத்துக்குப் போய்விட்டது. அங்கே போன பேச்சு எங்கே திரும்பி வரும்? அதனால்தான் எழுதுகிறேன். நேரில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்பாய். தாளில் இருந்தால் ஒரு முறையாவது முழுதாகப் படிப்பாய்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்ணை டெர்ரே ஹோட்டுக்கு அழைத்துப் போ.

அவளைப் பெற்றவர்களின் மனது எனக்குப் புரிகிறது. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து பள்ளிக்காக ஓடிய எந்தக் கிராஸ் கன்ட்ரி (புல்வெளி, மேடு பள்ளங்களில் ஓடும் நெடுந்தூர) ஓட்டத்திலும் அவளை யாரும் முந்தவில்லை. நவம்பர் முதல் வாரம் இங்கே டெட்வைலர் பார்க்கில் நடக்கும் மாநிலப் போட்டியிலும் வென்றுவிட்டால், பள்ளி வாழ்க்கை முழுவதும் தோல்வியே இல்லை என்ற பெயர் நிலைத்துவிடும். உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வரும், பள்ளிச் சுவரில் பலகை ஏறும். அதற்கு அடுத்த வாரம் இண்டியானாவின் டெர்ரே ஹோட்டுக்குப் போய், இல்லினாய், மிச்சிகன், ஒஹையோ எல்லாம் சேர்ந்து ஓடும் நைக் வட்டாரப் போட்டியில் முப்பதாவதாக வந்தால் என்ன ஆவது என்று பயப்படுகிறார்கள். பெற்றவர்கள் பயப்படத்தான் செய்வார்கள். நீ அவளுடைய கோச். உனக்கும் அந்தப் பயம் வரலாமா?

முதலில் அந்தப் பெயருக்குள் என்ன இருக்கிறது என்று பார். 2007 முதல் இல்லினாயில் பள்ளிகளை மாணவர் எண்ணிக்கைப்படி மூன்று வகுப்பாகப் பிரித்து ஓடவிடுகிறார்கள். ஒரே சனிக்கிழமை, ஒரே புல்தரை, மூன்று மாநிலச் சாம்பியன்கள். மூவருமே அந்தப் பருவம் முழுவதும் தோற்காதவர்களாக இருக்கலாம். மூவரும் ஒருவரையொருவர் எதிர்த்து ஓடியிராமலும் இருக்கலாம். சிறிய பள்ளிகளின் வகுப்பில் ஓடும் உன் பெண் தோற்கவில்லை என்பது உண்மைதான். யாரிடம் தோற்கவில்லை என்பதும் அந்த உண்மையின் பாதி. உன் தாத்தா காலத்தில் காங்கயம் பக்கம் ஒருவர், பக்கத்து ஊர்ப் பந்தயங்களுக்கு மட்டும் ரேக்ளா வண்டியைப் பூட்டிவிட்டு, தன் காளைகளுக்கு நிகர் கிடையாது என்று சந்தையில் சொல்லிக்கொண்டிருந்தாராம். யாரும் மறுத்துப் பேசவில்லை. யாரும் அந்தக் காளைகளை விலை கேட்கவும் இல்லை.

இந்த விளையாட்டின் கணக்கே முதலிடத்தைப் பெரிதாக மதிப்பதில்லை என்பது உனக்குத் தெரியாததா? அணிக்கு ஏழு பேர் ஓடுகிறார்கள். முதல் ஐந்து பேர் வந்த இடங்களைக் கூட்டி, எந்த அணியின் தொகை குறைவோ அந்த அணி வெல்கிறது. ஐந்து பேரும் முதல் ஐந்து இடங்களைப் பிடித்தால் 15. அதற்குக் கீழே போக வழியே இல்லை. முதலில் வருபவள் ஒரு நிமிடம் முந்தி வந்தாலும் ஒரு மூச்சளவு முந்தி வந்தாலும் அணிக்குக் கிடைப்பது அதே 1 புள்ளி. ஐந்தாவது ஆள் எண்பதாவது இடத்திலிருந்து நாற்பதாவது இடத்துக்கு ஏறினால் ஒரே மூச்சில் 40 புள்ளி குறைகிறது. எண்ணிக்கையில் வராத ஆறாவது, ஏழாவது பிள்ளைகள்கூட எதிரணியின் ஐந்தாவது ஆளுக்கு முன்னால் வந்து அவர்கள் கணக்கைக் கெடுக்க முடியும். பள்ளியில் நீ எப்போதும் ஐந்தாவது ஆள். கடைசி அரை மைலில் நீ ஒவ்வொரு பெண்ணாகத் தாண்டியபோது வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தவன் நான். முதலில் வந்தவளை யார் எண்ணினார்கள்? உன் பத்திரிகைப் படம் ஒன்றுகூட இந்த வீட்டில் இல்லை. இந்த ஓட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் உன் பின்னால் ஓடித் தெரிந்துகொண்டதுதான்.

டெட்வைலரில் நாங்கள் எல்லோரும் பேசும் பெயர் கிரெய்க் வர்ஜின். தெற்கே லெபனான் என்ற சிற்றூரிலிருந்து வந்த பண்ணை வீட்டுப் பையன். பிறவியிலேயே சிறுநீர்ப் பாதைக் கோளாறு. 1972 மாநிலப் போட்டியில் இந்தப் பூங்காவின் 3 மைலை 13 நிமிடம் 50.6 விநாடியில் ஓடி முடித்தார். அந்த நேரம் 47 ஆண்டு அசையவில்லை. 2010-ல் லூகாஸ் வெர்ஸ்பிகாஸ் இங்கே வென்றார். அதே டிசம்பரில் ஒரு வார இடைவெளியில் நைக், ஃபுட் லாக்கர் என்ற இரண்டு தேசியப் போட்டிகளையும் தட்டிச் சென்றவர் அவர். அதற்கு முன் ஒருவரும் அப்படிச் செய்ததில்லை. அவராலும் வர்ஜினின் நேரத்தைத் தொட முடியவில்லை. 2019-ல் ஜாஷ் மெத்னர் என்ற பையன் 13 நிமிடம் 49.86 விநாடியில் வந்தார். ஒரு விநாடிகூட முழுதாக இல்லை, கயல்! அதற்கு 47 ஆண்டு.

வர்ஜினைப் பற்றி நான் சொல்ல வந்தது வேறு. 1980-ல் பாரிஸில் நடந்த உலகக் கிராஸ் கன்ட்ரிப் போட்டியில் அவர் நெடுநேரம் பின்னால்தான் இருந்தார். கடைசி நீட்டத்தில் முன்னால் போன இருவரையும் பிடித்து வென்றார். அடுத்த ஆண்டு மாட்ரிட்டிலும் அவரே. அந்தப் பட்டத்தை வேறு எந்த அமெரிக்க ஆணும் இன்றுவரை வாங்கவில்லை. முன்னால் ஓடியே பழகிய ஒருவருக்கு அந்தக் கடைசி நீட்டம் வாய்த்திருக்குமா என்று நான் யோசிப்பதுண்டு. அதே 1980-ல் அமெரிக்கா மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. வாழ்க்கையிலேயே நல்ல உச்சத்தில் இருந்த வருடம் அவர் வீட்டில் உட்கார வேண்டியதாயிற்று. ஓட விடாமல் தடுக்கப்பட்டவரின் கதை அது. உன் பெண்ணை யாரும் தடுக்கவில்லை. அவர்களாகவே கதவைச் சாத்திக்கொள்ளப் பார்க்கிறார்கள்.

பெண்களில் ஜோர்டன் ஹசேயைப் பார். 2005-ல் ஒன்பதாம் வகுப்பு மாணவியாகவே ஃபுட் லாக்கர் தேசியப் போட்டியை வென்றார். அடுத்த இரண்டு ஆண்டும் வேறு பெண்கள் வென்றார்கள். ஆண்டுதோறும் தோற்கக்கூடிய இடத்துக்கே திரும்பிப் போய், 2008-ல் பள்ளியின் கடைசிப் பருவத்தில் மறுபடி வென்றார். எனக்கு இந்த நான்கு ஆண்டும் கறையில்லாத எந்தக் கணக்கையும்விட உயர்வாகத் தெரிகிறது. சாரா பாக்ஸ்டர் 2011, 2012 இரண்டிலும் போர்ட்லாந்தில் நைக் தேசியப் பட்டம் வாங்கியவர். கலிபோர்னியாவில் அவரை எதிர்க்க ஆள் இல்லை. 2013-ல், பள்ளியின் கடைசிப் பருவத்தில், வீட்டிலேயே இருந்திருக்கலாம். போனார். அலெக்சா எஃப்ரைம்சன் வென்றார். அதனால் பாக்ஸ்டரின் பெயர் குறைந்ததா? அவரைப் பற்றி நான் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேனே.

போய், தோற்காமலே திரும்பியவர்களும் உண்டு. நியூயார்க்கின் கேட்லின் டூஹி 2017, 2018, 2019 மூன்று ஆண்டும் அதே நைக் பட்டத்தை வாங்கினார். முதல் ஆண்டு இரண்டாவதாக வந்தவருக்கும் அவருக்கும் இடையே 40 விநாடி அளவுக்கு இடைவெளி; மூன்றாம் ஆண்டு முடிவுக்கோடு வரை விடாத போராட்டம். தோற்காத பெயர் என்றால் அது. எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்தி வாங்கியது.

இன்னொன்று, இதை நீ என்னைவிட நன்றாக அறிவாய் என்றாலும் அப்பன் என்ற முறையில் எழுதாமல் விட முடியவில்லை. பதினான்கு வயதில் ஜெயிக்கும் பெண்ணின் உடம்பு பதினேழில் அதே உடம்பாக இருக்காது, இருக்கவும் கூடாது. தோல்வி வரக்கூடாது என்று நினைக்கும் பெண் முதலில் கைவைப்பது சாப்பாட்டில்தான். விஸ்கான்சினைச் சேர்ந்த மாலி சைடல் 2011-ல் ஃபுட் லாக்கர் சாம்பியன். 1979-ல் தொடங்கிய அந்தப் போட்டியின் பெண் சாம்பியன்களில், கல்லூரிகளுக்கான தேசியக் கிராஸ் கன்ட்ரியையும் வென்ற முதல் ஆள் அவர். அதுவும் 2015-ல்தான் நடந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அத்தனை சாம்பியன்கள் எங்கே போனார்கள் என்று யோசித்துப் பார். சைடலும் உணவுக் கோளாறால் பாதிக்கப்பட்டு, 2016-ல் தொழில்முறை ஒப்பந்தத்தைத் தள்ளிவைத்துச் சிகிச்சைக்குப் போனதை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். 2021-ல் தன் மூன்றாவது மாரத்தானிலேயே ஒலிம்பிக் வெண்கலம் வாங்கினார். உன் பெண் ஓட்டம் முடிந்த பிறகு மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாளா? ஸ்டாப்வாட்சைப் பார்ப்பதற்கு முன் அதைப் பார். மாதவிடாய் தவறுகிறதா என்று கேட்க ஆண் கோச்சுகள் கூச்சப்படுவார்கள். உனக்கு அந்தச் சாக்கு இல்லை.

நீ தயங்கித் தயங்கிக் கேட்டாயே, டெர்ரே ஹோட்டில் தோற்றால் அது கணக்கில் வருமா என்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பள்ளிச் சீருடையிலேயே அங்கே ஓட முடியாதே! மாநிலப் போட்டியோடு பள்ளிப் பருவம் முடிகிறது. அதற்குப் பிறகு ஓடுபவர்கள் கிளப் பெயரில்தான் ஓடுகிறார்கள். ஆகவே காகிதத்தில் அவள் தோற்காதவளாகவே இருப்பாள். பெற்றவர்களிடம் இதைச் சொல், பாதிப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பாக்கிப் பாதிக்குக் கல்லூரிக் கோச்சுகளின் பெயரைச் சொல். அவர்கள் பார்ப்பது நேரத்தையும், எப்பேர்ப்பட்ட கூட்டத்தில் ஓடி அந்த நேரம் வந்தது என்பதையும்தான். சுவர்ப் பலகையைப் பார்க்க உங்கள் ஊருக்கு யாரும் வரப்போவதில்லை.

அவளிடம் பேசுவது வேறு. அவளுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது: கூட்டம். நான்கு வருடமாக அவளுக்கு முன்னால் ஓடியது வழிகாட்டும் வண்டி மட்டும்தான். முழங்கை இடித்தது கிடையாது, முன்னால் போகிறவளின் ஸ்பைக்ஸ் தெறித்த சேறு முகத்தில் பட்டது கிடையாது. டெர்ரே ஹோட்டின் லாவெர்ன் கிப்சன் மைதானம் பழைய நிலக்கரிச் சுரங்க நிலத்தைச் சீர்ப்படுத்தி ஓட்டத்துக்கென்றே அமைத்தது. கல்லூரித் தேசியப் போட்டிகள் பலமுறை நடந்த இடம். தொடக்கம் அகலமானது. துப்பாக்கி வெடித்ததும் எல்லோரும் பறப்பார்கள், முதல் கால் மைலில் அவள் ஐம்பதாவதாகக்கூட இருப்பாள். அந்த நிமிடத்தில்தான் அவள் கலங்குவாள், கால்கள் களைப்பதால் அல்ல. இப்போதே பழக்கு. பயிற்சியில் பையன்களை இருபது விநாடி முன்னால் அனுப்பிவிட்டு அவளைப் பின்னால் விடு, ஒவ்வொருவராகத் தாண்டட்டும். தாண்டுவது எப்படி என்று சொல்லித்தர உன்னைவிடப் பொருத்தமான ஆள் அவளுக்குக் கிடைக்க மாட்டாள், கண்ணு. ஐந்தாவது ஆளாக நான்கு வருடம் நீ செய்தது அதுதானே? இன்னொன்று, இங்கே மாநிலப் போட்டி 3 மைல். அங்கே 5 கிலோமீட்டர். கூடுதலாக நூற்றெழுபது மீட்டர்தான், ஆனால் 3 மைலிலேயே முடிந்துவிட்டதாக உடம்பு நினைத்துக்கொள்ளும். அதையும் ஒன்றிரண்டு முறை ஓட்டிக் காட்டிவிடு.

அணியின் மற்ற ஆறு பேரையும் கூடவே அழைத்துப்போக முடியுமா பார். தனியாகப் போனால் அவள் தன் பெயரைக் காப்பாற்றப் போகிறவளாக இருப்பாள். ஆறு பேரோடு போனால், அவள் நாற்பதாவதாக வந்தாலும் அந்த 40 எதனோடோ கூட்டப்படும்.

மாநிலப் போட்டியன்று நான் வழக்கம்போல டெட்வைலரின் பின்பக்கம், முக்கோணத் திருப்பத்தின் அருகே நிற்பேன். அடுத்த வாரம் டெர்ரே ஹோட்டுக்கும் நானும் அம்மாவும் வருகிறோம். காரில் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடத்தான் ஆகும். பெண்கள் ஓட்டம் காலையில் எத்தனை மணிக்கு என்று எழுது, முந்தின இரவே கிளம்ப வேண்டுமா என்று பார்க்கிறேன். அம்மா எலுமிச்சைச் சாதம் கட்டுவதாகச் சொல்கிறாள். உன் பிள்ளைகளில் எத்தனை பேர் காரம் தாங்குவார்கள் என்று கேட்டுச் சொல். இல்லையென்றால் மிளகாய் வற்றலைக் குறைத்துத் தாளிக்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா