மடத்தில் இருக்கும் என் மகளுக்கு

தேவகோட்டை

சேசுவுக்கே புகழ், மரியாயே வாழ்க!

ஆத்தா, உன் கடிதம் வந்தது. அப்பா சத்தமாக வாசித்தார். அப்புறம் நான் தனியாக உட்கார்ந்து இன்னொரு தடவை வாசித்தேன். புண் துடைப்பதும் வயதானவர்களைக் குளிப்பாட்டுவதும் உனக்குப் பாரமாக இல்லை, கூட இருக்கிற சிஸ்டர்களோடு காலம் தள்ளுவதுதான் முடியவில்லை, மாற்றல் கேட்கட்டுமா என்று எழுதியிருக்கிறாய். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. நோயாளி உன்னைப் பார்த்ததும் கும்பிடுகிறார். பக்கத்துக் கட்டில் சிஸ்டர் எதற்காகக் கும்பிட வேண்டும்? அவரும் பகல் முழுக்க உழைத்துக் களைத்து வந்தவர்தானே.

நான் செட்டியார் வீட்டு ஆச்சியிடம் சமையலுக்கு நின்ற காலத்தை நினைத்துக்கொண்டேன். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று இந்தத் தெருவில் தொடங்கி அந்தத் தெருவில் முடிகிற வீடு. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் வேறு வைத்துவிடுவார்கள். ஒரே கூரை, ஒரே வாசல். ஆனால் அவரவர் அடுப்பு, அவரவர் உப்புப் புளி. சண்டை அடுப்படியில்தான் பிறக்கும் என்று தெரிந்தவர்கள் யோசித்துச் செய்த ஏற்பாடு, அதை நான் குறை சொல்லமாட்டேன். நீ போன இடத்தில் அந்த வழி கிடையாது. கேரளா, ஆந்திரா, ஜார்க்கண்ட் என்று நாலு திசையிலிருந்து வந்தவர்களுக்கு ஒரே உலை. சொந்த ரத்தமே பிரித்து வைத்துக்கொண்டதை, முன்பின் தெரியாத நீங்கள் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். சிரமமாகத்தான் இருக்கும்.

ஒன்று சொல்கிறேன். அந்த வீட்டில் எந்த இரண்டு மருமகள்கள் பேசிக்கொள்வதில்லை என்று, பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தத்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும். உங்கள் இல்லத்தில் படுத்திருக்கிற பெரியவர்களுக்கும் தெரியும். யாருமில்லாமல் வந்தவர்கள் அவர்கள். நீங்கள் முகம் திருப்பிக்கொண்டு கஞ்சி கொடுத்தால், அந்தக் கஞ்சி அவர்களுக்கு எப்படி இறங்கும்?

கடுகெண்ணெய் வாடைக்குச் சோறு இறங்கவில்லை என்றாய். ரிக்ரியேஷன் நேரத்தில் மற்றவர்கள் அவரவர் பாஷையில் சிரிக்க, நீ சும்மா உட்கார்ந்திருக்கிறாய் என்ற வரியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சின்ன வயதில் ஓரியூருக்கு உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போவேன். அங்கே வேதத்துக்காக உயிர் விட்ட புனிதர் அருளானந்தர், போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன் அரண்மனையில் வளர்ந்த பிள்ளை. இந்தச் சீமைக்கு வந்து கறி மீனை விட்டார், காவி கட்டினார், தமிழ் படித்தார். 1693இல் தலை வெட்டுண்டு இறந்ததைத்தான் எல்லோரும் சொல்கிறோம். அதற்கு முன் வருஷக்கணக்காகப் பழகாத சோற்றைச் சாப்பிட்டாரே, அதையும் நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. நீ இந்தி படி. அடுப்படியில் நின்று படி, அங்கேதான் பாஷை சீக்கிரம் வரும்.

நம் புனிதை குழந்தை தெரேசம்மாளையும் நினைத்துக்கொள். மடத்துக்குள் போனவர் வெளியே வராமலே 24 வயதில் இறந்தார். அவரைத்தான் 1927இல் மறைபரப்பு நாடுகளுக்கெல்லாம் பாதுகாவலி ஆக்கினார்கள். துணி துவைக்கும்போது எதிரே நின்ற சிஸ்டர் அழுக்குத் தண்ணீரை இவர் முகத்தில் தெறிக்கவிடுவாராம். பின்னால் நகர்ந்து, துடைத்துக் காட்டினால் அந்த சிஸ்டருக்கு உறைத்திருக்கும். இவர் அப்படிச் செய்யவில்லை.

அதற்காக எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிரு என்று சொல்லவரவில்லை. நோயாளிகள் முன்னால் பெரிய சிஸ்டர் உன்னைத் திட்டினார் என்றாயே, அதை விடாதே. சாயங்கால செபம் முடிந்ததும் அவரிடமே போய் நிதானமாகச் சொல். சரிவரவில்லை என்றால் இல்லத் தலைவியிடம் சொல். தலைவி மனமுவந்து சகோதரிகளுக்குக் காது கொடுக்கவேண்டும் என்று 1983இல் வந்த திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறதாம், பங்குச் சாமி சொன்னார். மேல்தலைவி இல்லத்தைப் பார்வையிட வரும்போது மனம் விட்டுப் பேசவும் உனக்கு உரிமை இருக்கிறது. கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு கொடுத்தவள் வாய் திறக்கக்கூடாது என்று யாராவது சொன்னால் நம்பாதே.

மாற்றல் மட்டும் இப்போது கேட்காதே. போகிற இடத்திலும் ஒரு பெரிய சிஸ்டர் இருப்பார், அங்கே நீ பாஷையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இன்னொன்று, இதை அப்பாவும் எழுதச் சொன்னார். சாகும்வரைக்கும் என்று கொடுக்கிற நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன்னால் குறைந்தது மூன்று வருஷம் திருச்சபை காத்திருக்கச் சொல்வது, நீயும் சபையும் ஒருவரை ஒருவர் நன்றாகப் பார்த்துக்கொள்ளத்தான். இது என் அழைப்பு இல்லை என்று செபத்தில் உறுதியாகத் தெரிந்தால் வீட்டுக்கு வா. ஊர் வாய்க்குப் பயப்படாதே, நாங்கள் இருக்கிறோம். ஆனால் ஒரு சிஸ்டர் மேல் இருக்கிற கோபத்தில் வராதே.

மனகோலமும் சீப்புச் சீடையும் பார்சலில் அனுப்புகிறேன். உன் பெயருக்கு வந்தாலும் அது மடத்துப் பொதுவுக்கு என்று தெரிந்துதான் நிறையச் செய்தேன். பெரிய சிஸ்டருக்குப் பல் ஆடுகிறது என்று முன்பு எழுதியிருந்தாய். அவரால் சீடையைக் கடிக்க முடியாது. அதனால் மாவுருண்டை தனி டப்பாவில் இருக்கிறது, நெய் கொஞ்சம் தூக்கலாக விட்டிருக்கிறேன். அதை நீயே அவர் கையில் கொடு. என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
அம்மா