அந்தக் கவரைத் தூக்கிப் போடாதே, முத்து

யார்க்டன், சஸ்காச்சுவான், கனடா
4.2.2024

அன்புள்ள முத்துவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி இந்தக் குளிரில் பரவாயில்லை. போனில் பேசினால் நான் ஒன்று சொல்ல, நீ ஒன்று சொல்ல, கடைசியில் சத்தம்தான் மிஞ்சுகிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாகப் படி.

பொங்கலன்று நீ பேசியது மனதைவிட்டுப் போகவில்லை. அன்றைக்கு அமெரிக்காவின் தெற்கே உங்கள் ஆர்கன்சாவிலேயே தண்ணீர் உறைந்து, வேட்டைக்குப் போக வழியில்லாமல் வீட்டில் இருந்தாய். சீசன் முழுக்கப் பதினான்கு நாள் விடியுமுன் எழுந்து, இடுப்பளவு தண்ணீரில் ஓக் மரத்தில் சாய்ந்து நின்றும் கிடைத்தது ஐந்து வாத்து என்றாய். வானமே காலியாக இருக்கும்போது 3 கோடியே 20 லட்சம் வாத்து இருப்பதாக அரசாங்கம் சொல்கிறது, சுத்தப் பொய் என்றாய். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. அடுத்து நீ சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. சுட்ட வாத்தின் சிறகை அனுப்பச் சொல்லி அரசாங்கத்திடமிருந்து வந்த கவர்களைக் குப்பையில் போடப் போவதாகவும், இனிமேல் காலில் வளையம் போட்ட வாத்து கிடைத்தால்கூட யாருக்கும் சொல்லப் போவதில்லை என்றும் சொன்னாய். கூட வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தானாம்.

நீ ஏமாற்றுகிறாய் என்று நான் நினைக்கவே மாட்டேன். வாத்து வரவில்லை என்று நீ சொன்னால் வரவில்லைதான். ஆனால் அந்தக் கணக்கு எடுக்கப்படும் இடத்தில் முப்பது வருடமாக இருப்பவன் நான். அது எப்படி எடுக்கப்படுகிறது என்று நீயும் ஒருமுறை பார்த்திருக்கிறாய். மறந்திருப்பாய்.

2007, மே மாதம். உனக்கு ஒன்பது வயது. வடக்கே ஒரு சரளை ரோட்டில் பிக்கப் வண்டி சேற்றில் புதைந்துவிட்டது என்று பட்டறைக்குப் போன் வந்தது. சனிக்கிழமை, அதனால் நீயும் டிராக்டரில் ஏறிக்கொண்டாய். அங்கே வாத்து எண்ண வந்த இரண்டு பேர். ஒரு இளம்பெண், ஒரு வயதானவர். மார்பு வரை ரப்பர் உடை, கழுத்தில் பைனாகுலர், கையில் நோட்டு. வண்டியை இழுத்து வெளியே விட்ட பிறகு, கொஞ்சம் பொறுங்கள், விமானம் வருகிறது என்றார்கள். வந்தது. சின்ன விமானம், 150 அடி உயரம், இரண்டு பனை உயரம்தான் இருக்கும். ரோட்டோரத்து ஸ்லூவை, அதாவது இந்த ஊர்க் குட்டையை, அது கடக்க நாலு விநாடிகூட ஆகவில்லை. நீ கை ஆட்டினாய். உள்ளே விமானியும் இன்னொருவரும் ஆளுக்கு ஒரு பக்கமாக, 200 மீட்டருக்குள் தெரிகிற வாத்தையெல்லாம் இனம் பார்த்து வாயால் சொல்லிப் பதிவு செய்துகொண்டே போகிறார்கள் என்று அந்தப் பெண் சொன்னாள்.

அப்புறம் அவர்கள் இருவரும் அதே ஸ்லூவைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்கள். சம்பங்கோரைக்குள் காலை வைத்ததும் கிளுவை வாத்து இரண்டு விருட்டென்று எழுந்தன. இன்னும் இரண்டு எட்டு, ஒரு மல்லார்டு வாத்து ஜோடி. நாம் கரையில் நின்று பார்த்தபோது அங்கே எதுவுமே இல்லை. மேலிருந்து பார்த்தவர்களுக்கு இதில் பாதிதான் தெரிந்திருக்கும் என்றார் வயதானவர். நீ உடனே கேட்டாய், அப்படியென்றால் விமானம் தப்பாக எண்ணுகிறதா என்று. அதற்கு அந்தப் பெண் சொன்ன பதில் எனக்கு இன்றைக்கும் அப்படியே நினைவிருக்கிறது. "ஆமாம். எவ்வளவு தப்பாக எண்ணுகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் நாங்கள் நடக்கிறோம்."

முத்து, தன் தப்பை அளந்து பார்த்து, அதைக் கணக்கில் சேர்க்கிறவர்களைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1955 முதல் கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து, கொரோனா வந்த இரண்டு வருடம் தவிர, ஒவ்வொரு மே மாதமும் வகுத்து வைத்த இதே பாதைகளின் மேல்தான் பறக்கின்றன. ஆண் வாத்து தனியாக நின்றால் அதை ஒரு ஜோடியாக எண்ணுவார்கள், பெட்டை எங்கேயோ முட்டைமேல் இருக்கும் என்பதால். கீழே நடந்தவர்கள் கண்டதையும் மேலே பறந்தவர்கள் கண்டதையும் ஒப்பிட்டு, விட்டுப்போனதை ஈடுகட்டுகிறார்கள். இவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்று பிழை அளவையும் சேர்த்தே அச்சிடுகிறார்கள். செய்தித் தலைப்பில் அது இருக்காது, அவ்வளவுதான்.

நீ படித்த எண்ணும் தலைப்பில் வந்ததுதானே? 3 கோடியே 23 லட்சம். அது பல இன வாத்துக்கும் சேர்த்து. நீ நிற்கிற ஓக் காட்டுக்கு யார் வருவார்? மல்லார்டு. தட்டைவாயனும் நீலச்சிறகுக் கிளுவையும் எத்தனை லட்சம் இருந்தாலும் உனக்கென்ன? அதே அறிக்கையில் மல்லார்டு வரியைப் பார். 2019இல் 94 லட்சம். 2020, 2021 இரண்டு வருடமும் கொரோனாவால் விமானமே பறக்கவில்லை. 2022இல் 72 லட்சம். போன மே மாதம் 61 லட்சம். நாலு வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. வாத்து குறைந்துவிட்டது என்று நீ தண்ணீரில் நின்று கத்துவதைத்தான் அந்த வரி எண்ணில் சொல்கிறது. நீ சண்டை போடுவது உன் பக்கம் பேசுகிற சாட்சியோடு.

விமானம் பறக்காத 2021ஐ நான் தரையில் இருந்து பார்த்தேன். அந்த வருட வறட்சியில் ஸ்லூக்கள் வெள்ளைத் தட்டு மாதிரி உப்புப் பூத்துக் கிடந்தன. வேலைக்குப் போன ஒரு வயலில், போன வருடத்துக் கோதுமைத் தாளுக்கு நடுவே ஊசிவால் வாத்தின் பெட்டை ஒன்று முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. ஏழு முட்டை, வெளிறிய பச்சை. பக்கத்துக் குட்டையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. விதைப்பு இயந்திரம் அந்த வரிசைக்கு வர அரை மணி நேரம்கூட இல்லை. டிரைவரிடம் சொல்லி அந்த இடத்தைச் சுற்றி ஓட்டவைத்தேன். ஆனாலும் இரண்டு நாள் கழித்துப் போனபோது ஓடுகள்தான் கிடந்தன, நரியோ காக்கையோ. ஊசிவாலுக்கு இதுதான் பெரிய கேடு. தாள் வயலில் சீக்கிரமே கூடு கட்டிவிடும், பின்னாலேயே விதைப்பு வந்துவிடும். 2022இல் அதன் எண்ணிக்கை 18 லட்சத்துக்கும் கீழே போனது. 1955க்குப் பிறகு அவ்வளவு குறைந்ததே இல்லை.

இன்னொன்று. மே மாதக் கணக்கு என்பது குஞ்சு பொரிக்கும் முன்னால் இருக்கிற தாய் தகப்பன் கணக்கு. உன்னிடம் டிசம்பரில் வருவது குடும்பம். குஞ்சு நிறையப் பிழைத்த வருடத்தில் உன் ஊதலுக்கும் பொம்மை வாத்துக்கும் இளசுகள் ஏமாந்து இறங்கும். குஞ்சு பிழைக்காத வருடத்தில் வருவதெல்லாம் கிழடு. நாலு சீசன் துப்பாக்கிச் சத்தம் கேட்டவை. அவை ஒரு சுற்று மேலேயே பறந்து பார்த்துவிட்டுப் போய்விடும். அப்போது வானத்தில் வாத்து இருந்தும் உனக்கு இல்லை.

வராமலே இருக்கவும் காரணம் உண்டு. இந்த டிசம்பரில் இங்கே தரை தெரிந்தது, கிறிஸ்துமஸுக்குப் பனி இல்லை. நான் வந்த நாளாக இப்படிப் பார்த்ததில்லை. உறையாத தண்ணீரும் பனி மூடாத தாள் வயலும் இருக்கும் வரை மல்லார்டு ஒரு மைல்கூட வீணாகப் பறக்காது. வழியிலேயே தங்கிவிடும். நவம்பரில் உங்கள் காட்டில் தண்ணீரே ஏறவில்லை என்று நீயே சொன்னாய். வந்ததும் அந்தப் பறவை எங்கே போகும்? சுடக்கூடாத சரணாலயத்தில் பகலைக் கழித்துவிட்டு, இருட்டியபின் நெல் வயலுக்கு மேயப் போகும். வாத்துகளின் முதுகில் இடம் காட்டும் கருவி கட்டி ஆராய்ந்தவர்கள் இதைப் பார்த்திருக்கிறார்கள். நீ காட்டுக்குள் நிற்பது காலையில்.

உன் தாத்தா கூந்தன்குளத்துப் பக்கத்து மனிதர். மணிமுத்தாற்றுத் தண்ணீர் வந்து குளம் நிறைந்த வருடம் பறவை அடைந்து கிடக்கும், வராத வருடம் குளம் வெறிச்சோடிப் போகும். வெறிச்சோடிய வருடத்தில் சின்னப் பையனாக நான், பறவையெல்லாம் செத்துப்போச்சா என்று அழுதேன். தாத்தா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அடுத்த ஊர்க் குளத்துக்கு நடந்தார். அங்கே இருந்தன. ஊசிவால்கூட இருந்தது. ஆமாம், இதே ஊசிவால்தான். ரஷ்யாப் பக்கத்திலிருந்து நம் ஊருக்கும் வரும்.

சரி, கவருக்கு வருகிறேன். அந்த ஒற்றைச் சிறகை வைத்து என்ன செய்கிறார்கள் என்று நீ நினைக்கிறாய்? சீசன் முடிந்ததும் பறவை ஆய்வாளர்கள் நீண்ட மேஜைகளில் சிறகுகளைப் பரப்பி, ஒவ்வொன்றாக விரித்துப் பார்க்கிறார்கள். உடலை ஒட்டிய இறகுகள் குறுகலாக, நுனி தேய்ந்து இருந்தால் இளசு. அகலமாக, முழுதாக இருந்தால் பெரிசு. ஒரு பெரிசுக்கு எத்தனை இளசு என்பதுதான் அந்த வருடம் குஞ்சு பிழைத்ததா இல்லையா என்பதற்குச் சாட்சி. அதை விமானத்திலிருந்து பார்க்க முடியாது. உன் ஐந்து வாத்தும் கிழடு என்றால், அதைச் சொல்ல அந்த ஐந்து சிறகை விட்டால் வேறு வழி இல்லை.

வளையம் இன்னும் முக்கியம். ஆய்வாளர்கள் நூறு வாத்துக்கு நம்பர் போட்ட வளையம் மாட்டி விடுகிறார்கள் என்று வை. பத்து வளையம் வேட்டைக்காரர்களிடமிருந்து திரும்பி வந்தால், பத்தில் ஒன்று சுடப்படுகிறது என்று அர்த்தம். மொத்தம் எத்தனை சுட்டார்கள் என்பது உங்களிடம் கேட்டு எடுக்கும் கணக்கில் தெரியும். அதைப் பத்தால் பெருக்கினால் மொத்த வாத்து. விமானமே தேவையில்லாத தனிக் கணக்கு இது, உங்களை நம்பியே நடக்கிறது. இப்போது நீங்கள் எல்லோரும் கோபத்தில் ஐந்து வளையத்தை மறைத்துவிட்டீர்கள் என்றால்? இருபதில் ஒன்றுதான் சுடப்படுகிறது என்று ஆகிவிடும். பத்துக்குப் பதில் இருபதால் பெருக்குவார்கள். வாத்து இரண்டு மடங்கு இருப்பதாகக் கணக்கு காட்டும். பொய்க்கணக்கு என்று நீ எதைத் திட்டுகிறாயோ, அதை நீயே உண்டாக்குவாய். மறைக்கிறவர்கள் எத்தனை பேர் என்று அவர்களும் தேடிப் பார்த்துத் திருத்தத்தான் செய்கிறார்கள். ஆனால் என் மகன் அந்தத் திருத்தத்தில் ஒருவனாக இருக்க வேண்டாம்.

போன வருடம் ஜனவரியில் ராத்திரி பதினொரு மணிக்குப் போன் செய்தாயே, ஞாபகம் இருக்கிறதா? வளைய நம்பரைப் பதிந்ததும் பதில் வந்தது, இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆகஸ்டில் சஸ்காச்சுவானில் போட்ட வளையம் என்று. "அப்பா, இது நம்ம ஊர் வாத்து" என்றாய். அம்மாவை எழுப்பிச் சொன்னேன். நீ துப்பாக்கி வாங்கிய நாளிலிருந்து முகம் கொடுக்காமல் இருந்தவள், அன்றைக்கு எழுந்து உட்கார்ந்து, அது எந்தக் குட்டையில் பிறந்ததோ என்றாள்.

கவர்களை நாளைக்கே தபாலில் போட்டுவிடு, தபால்தலைகூட ஒட்ட வேண்டாம். அந்தப் பதினான்கு நாளையும் மறக்குமுன் ஒரு நோட்டில் எழுதி வை. தேதி, எத்தனை மணி நேரம், தண்ணீர் எவ்வளவு, காற்று, கண்ணில் பட்டது எத்தனை. சுட்டதை மட்டும் எழுதாதே, பார்த்ததையும் எழுது. ஒன்றும் பார்க்காத நாளையும் எழுது. எனக்கு ஒரு பிரதி அனுப்பு.

பட்டறைக்குப் பின்னால் உள்ள ஸ்லூவில் இந்த வருடம் பனி குறைவு. ஏப்ரலில் உருகினாலும் கரை வரை வருமா என்று தெரியவில்லை. எப்போதும் ஊசிவால்தான் முதலில் வரும், பிறகு மல்லார்டு. முதல் ஜோடி இறங்குகிற அன்றைக்கே உனக்குச் செய்தி அனுப்புகிறேன், எத்தனை மணிக்கு வந்தாலும்.

அம்மா பார்சலில் முறுக்கும் பருப்புப் பொடியும் வைத்திருக்கிறாள். கிடைத்ததும் அவளுக்குப் போன் செய்.

அன்புடன்,
அப்பா