ஏழாம் மாசத்தில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

வளைகாப்புக்கு வளையல் வாங்க விளக்குத்தூண் பக்கம் போகலாம் என்று அளவு கேட்டால், ரெண்டு நாலு இப்போது கையில் ஏறவில்லை, ரெண்டு எட்டு வாங்கு என்றாய். பேச்சோடு பேச்சாகத் தலைவலி என்றும், ஆபீஸ் டென்ஷனாக இருக்கும் என்றும் சொன்னாய். நான் விரட்டிய பிறகு போய் பிரஷர் பார்த்தாய். 124/80, யூரினில் உப்பு, அதாவது புரதம், இல்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அது நேற்றைய கணக்கு. மாசமாக இருக்கும்போது பிரஷர் ஏறும் இந்த வியாதி ஒரு வாரத்துக்குள் ஆளையே மாற்றிவிடும். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன்னைச் சுமந்தபோது எனக்குக் கடைசி மாசத்தில் பிரஷர் ஏறியது உனக்குத் தெரியும். அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வர வாய்ப்பு கூடுதல். முதல் பிரசவம் என்பதும் ஒரு காரணம். உன் டாக்டரிடம் இதைச் சொன்னாயா? சொல்லாவிட்டால் அடுத்த முறை முதல் பேச்சாக இதைச் சொல்.

உசிலம்பட்டிப் பக்கம் சப்-சென்டரில் நான் நர்சாக இருந்தபோது, எட்டு மாசப் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி இரும்புச்சத்து மாத்திரை வாங்க வந்தாள். மாத்திரைக்கு மட்டும்தான் வந்தாள். கால் மெட்டி சதைக்குள் புதைந்து கிடந்தது. கண் இமை இரண்டும் தடித்திருந்தன. நெற்றியில் தைலம் மணந்தது. என்னம்மா என்றேன். "மண்டையிடி நர்சம்மா, கண்ணு முன்னாடி பூச்சி பூச்சியாப் பறக்குது" என்றாள். பிரஷர் 170/110. அப்போதெல்லாம் யூரினைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, ஸ்பிரிட் விளக்கில் மேல் பாதியைச் சூடுகாட்டிப் பார்ப்போம். உப்பு இருந்தால் அந்த மேல் பாதி மட்டும் வெள்ளையாகக் கலங்கும், ஆசிட் சொட்டு விட்டாலும் தெளியாது. அவளுடையது தயிர் மாதிரித் திரண்டுவிட்டது. கூட வந்த மாமியார், மாசமாக இருந்தால் கால் வீங்கத்தானே செய்யும் என்றார். வாக்குவாதத்துக்கு நேரமில்லை. கிடைத்த வண்டியில் ஏற்றி மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் ஊசி போட்டு, பிரஷரை இறக்கி, ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். சின்னப் பிள்ளைதான், பிழைத்துக்கொண்டது. அவளும் பிழைத்தாள். இன்னும் ஒரு நாள் தைலத்தோடு படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

அந்த மாமியார் சொன்னதில் பாதி உண்மை. சாயங்காலம் கால் வீங்கி, காலையில் வடிந்துவிட்டால் பயமில்லை. தூங்கி எழும்போதே முகமும் கையும் உப்பியிருந்தாலோ, திடீரென்று வீக்கம் கூடினாலோ அன்றைக்கே பிரஷர் பார்க்க வேண்டும். பாராசிட்டமால் போட்டும் நிற்காத தலைவலி, கண் மங்கல், கண்ணில் மின்னல் வெட்டுவது, வலது பக்க விலா எலும்புக்குக் கீழே வலி, இதில் எது வந்தாலும் உடனே கிளம்பு. விலாவுக்குக் கீழே வரும் வலியைத்தான் நம் ஜனங்கள் கேஸ் என்று சொல்லி சோடா குடிப்பார்கள். அது ஈரல் பாதிக்கப்பட்ட வலியாக இருக்கலாம். 140/90 ஆனாலோ, அதற்கு மேல் போனாலோ அன்றே டாக்டர் பார்க்க வேண்டும். 160/110 என்றால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. மாத்திரை பிரஷரைப் பிடித்துத்தான் வைக்கும். பிள்ளையும் நஞ்சுக்கொடியும் வெளியே வந்தால்தான் இந்த வியாதி அடங்கத் தொடங்கும். அதனால்தான் நாளைக்குப் பார்க்கலாம் என்பது இதில் ஆகாது.

அடுத்தது பிள்ளையின் துடிப்பு. மாசம் நெருங்க நெருங்க உள்ளே இடம் இல்லாமல் அசைவு குறையும் என்று யாராவது சொல்வார்கள். அதை நம்பாதே. கடைசி வரை பிள்ளை அசைய வேண்டும். எத்தனை உதை என்று எல்லாருக்கும் ஒரே கணக்குக் கிடையாது. உன் பிள்ளை எப்போது துள்ளும், எப்போது தூங்கும் என்பது போகப்போக உனக்குத்தான் தெரியும். வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றினால் இடது பக்கம் சாய்ந்து படுத்து, போனை ஒதுக்கி வைத்துவிட்டுக் கவனி. சந்தேகம் தீரவில்லையா, நடு ராத்திரியானாலும் போ. ஜூஸ் குடித்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

உதிரம் ஒரு சொட்டுப் பட்டாலும் டாக்டருக்குத் தெரிய வேண்டும். வலியில்லாமல் பட்டால் நஞ்சு கீழே இருக்கலாம். வயிறு கல்லாக இறுகி வலியோடு பட்டால் நஞ்சு பிரிகிறதோ என்று பார்க்க வேண்டும். இரண்டுமே ஆபத்து. உன் ஐந்தாம் மாச ஸ்கேன் ரிப்போர்ட்டில் நஞ்சு எங்கே இருக்கிறது என்று எழுதியிருப்பார்கள், எடுத்துப் பார். கீழே என்று போட்டிருந்தாலும் பெரும்பாலும் போகப்போக மேலே ஏறிவிடும், ஆனால் மறுபடி ஸ்கேன் எடுத்து உறுதி செய்ய வேண்டும். பனிக்குடத் தண்ணீர் கசிந்தால் நேரத்தையும் நிறத்தையும் குறித்துக்கொள். பச்சையாக இருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதே.

அத்தை உன்மேல் பாசமாக இருக்கிறார்கள், அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் சூட்டு வலி என்று சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தால், வலி விட்டு விட்டு ஒரே சீராக வருகிறதா என்று பார். 37 வாரம் முடியுமுன் அப்படி வந்தால் கஷாயத்தோடு காத்திருக்கக் கூடாது. வலியை நிறுத்தவோ, பிள்ளையின் நுரையீரல் பலப்பட ஊசி போடவோ டாக்டருக்கு அவகாசம் வேண்டும். உள்ளங்கை, உள்ளங்காலில் ராத்திரி விடாமல் அரிப்பு இருந்தாலும் சொல், அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது.

பிரசவம் ஆனதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடாதே. பிரஷரும் வலிப்பும் அதற்கப்புறம் ஆறு வாரம் வரைகூட வரலாம். அப்போது நீ என் பக்கத்தில் இருப்பாய், நான் பார்த்துக்கொள்வேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் "கொஞ்சம் முடியலை" என்று சொல்லாதே. உனக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தப் பழக்கம், காய்ச்சல் கொதிக்கும்போதும் ஒன்றுமில்லை என்பாய். இத்தனை வாரம், இப்போதிருந்து தலைவலி, கண் மங்குகிறது, அம்மாவுக்கும் பிரஷர் இருந்தது என்று கணக்காகச் சொல். ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினால் நல்லதுதான், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? எனக்கு முதலில் போன் பண்ணாதே. கிளம்பு, வண்டியில் ஏறு, அப்புறம் கூப்பிடு. 108 அங்கேயும் உண்டு. 2005-இல் அந்த வண்டி முதலில் ஓடத் தொடங்கியதே உங்கள் ஹைதராபாத்தில்தான், நம் ஊருக்கு 2008-இல்தான் வந்தது.

வளைகாப்புத் தேதியை நினைத்துப் பயணத்தை அவசரப்படுத்த வேண்டாம். டாக்டர் பிரஷர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு டிக்கெட் போட்டால் போதும். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன், அவரும் சரி என்கிறார்.

மாப்பிள்ளையிடம் இதைப் படிக்கக் கொடு. ஆஸ்பத்திரியின் ராத்திரி நம்பர் அவர் போனிலும் இருக்க வேண்டும், உன் பைலை வாசல் பக்கத்து அலமாரியில் வைக்கச் சொல். புதன்கிழமை பிரஷர் பார்த்ததும் மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று இரண்டு எண்ணையும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா