இடது பக்கத்து ஜன்னல்கள்

அம்பாசமுத்திரம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்க அம்மையும் சுகம். உன் சுகம், மாப்பிள்ளை சுகம், பேரன் சுகம் அறிய ஆவல். ஆத்துல தண்ணி நல்லாப் போகுது. என் முட்டிவலி அப்படியேதான் இருக்கு, கூடவும் இல்லை குறையவும் இல்லை.

போன்ல சொல்லலாம்னுதான் நாலு நாளா நினைச்சேன். பாதியிலேயே "சீக்கிரம் சொல்லுங்கப்பா, மீட்டிங் இருக்கு" ம்பே. இது சீக்கிரம் சொல்ற சங்கதி இல்லை. அதான் பேப்பரை எடுத்துட்டேன். உட்கார்ந்து படி.

போன மாசம் வீரவநல்லூர்ல ஒரு ஆச்சி வீட்டுக்குக் கட்டில் கால் மாத்தப் போனேன். பழைய காலத்துக் கட்டில். நாலு காலும் கடைசல் பிடிச்சது, ரெண்டைச் செல்லு அரிச்சிட்டு. அதே மாதிரி ரெண்டு கால் போட்டுக் கொடுக்கணும். அளவெடுக்கக் கட்டிலுக்கு அடியில தவழ்ந்து போனா, உள்ளே ஒரு அட்டைப்பெட்டி. சின்னப் பெட்டி இல்லை, ரெண்டு கையாலயும் அணைச்சுத்தான் வெளியே இழுக்கணும். மேலே கண்ணாடிப் பேப்பர் சுத்தின மேனிக்கே இருக்கு. தூசியைத் துண்டால தொடைச்சேன். ஒரு படம் தெரிஞ்சுது. பெரிய தட்டு, கீழே ஒரு கழுத்து, கழுத்துக்குக் கீழே தடியா ஒரு குழல், பின்னாலிருந்து மேலே எழும்பி நிக்கிற ரெண்டு நீளக் குழல்.

எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத்தான் வரும். அது வேண்டியதே இல்லை. அந்தச் சாமானை நான் ஏற்கெனவே கையில பிடிச்சிருக்கேன்லா.

உனக்கு ஞாபகம் இருக்கான்னு தெரியலை. நம்ம தெருவுக்குக் கேபிள் வந்த புதுசு, உனக்குப் பத்து வயசு இருக்கும். சாயங்காலமானா ஏதோ ஒரு இங்கிலீஷ் சேனல்ல ஸ்டார் ட்ரெக்னு ஒரு விண்வெளிக் கப்பல் நாடகம். காது நீண்ட ஒருத்தனும் மஞ்சச் சட்டைக்காரன் ஒருத்தனும் வருவாங்க. ஒரு வார்த்தை விளங்காமலே வாயைப் பிளந்துக்கிட்டு உட்கார்ந்திருப்பே. நவராத்திரிக்கு முந்தின வாரம், தென்காசிக் கடைக்கு மரச் சொப்புச் சாமான் பன்னிரண்டு செட்டு எண்ணி வச்சிருந்தேன். காலையில பார்த்தா ஒரு செட்டுல திருகையோட மேல்தட்டைக் காணோம். ஆட்டுரல் குழவியைக் காணோம். உலக்கை ரெண்டையும் காணோம். எல்லாம் உன் பள்ளிக்கூடப் பையில, ஃபெவிகால் போட்டு ஒட்டி, ஒரு கப்பலா நிக்குது. "இல்லாத கப்பலுக்கு இருக்குற சாமானைக் கெடுத்துட்டியே மூதி"ன்னு பொடதியில ஒண்ணு வச்சேன். கப்பலைப் பிச்சுப் பார்த்தேன். அரக்கு உரிஞ்சு போச்சு, திரும்ப விக்க ஆகலை. வென்னீர் அடுப்புல போட்டுட்டேன். கடைக்காரர் ஒரு செட்டுக்குப் பணத்தைப் பிடிச்சுக்கிட்டார். அந்தக் கணக்கு எனக்கு மறந்துட்டு. அடுப்புல போட்டது மறக்கலை.

சரி, அதை விடு. ஆச்சிகிட்ட "இது என்னம்மா"ன்னு கேட்டேன். அவங்க வீட்டுக்காரர் கப்பல்ல இன்ஜினீயரா இருந்தவராம். எல்லாத் துறைமுகத்துலயும் இறங்கி இப்படி எதையாவது வாங்கிட்டு வருவாராம். ரிட்டையர் ஆனதும் கட்டுவேன் கட்டுவேன்னுட்டு, கண்ணுல புரை விழுந்து, அப்படியே போய்ச் சேர்ந்துட்டார். பிள்ளைகள் தூக்கிப் போடச் சொல்லிட்டாங்களாம். "உங்க பேரனுக்குக் கொண்டு போங்க"ன்னாங்க. கூலியில கழிச்சுக்கோங்கன்னேன். அதெல்லாம் வேண்டாம்னுட்டாங்க.

வீட்டுக்குக் கொண்டாந்தா உங்க அம்மை பார்த்த பார்வையைச் சொல்லணுமா. நான் கையலம்பப் போன நேரத்துல, உள்ளே கரப்பான் இருக்கும்னு அரிவாள்மனையால கண்ணாடிப் பேப்பரைச் சர்ருன்னு கீறிட்டா. பிறவுதான் எதிர்த்த வீட்டுப் பையன் வந்து சொல்றான், பிரிக்காம இருந்தா விலை கூடவாம். அவன் டிப்ளமோ படிக்கான், போனும் கையுமாத்தான் திரிவான். படத்தைப் பார்த்ததும் "தாத்தா, இது ஸ்டார் ட்ரெக்ல வர்ற கப்பல் என்டர்பிரைஸ், போலார் லைட்ஸ் கம்பெனி கிட், நாமளே ஒட்டிக் கட்டணும், 350-ல ஒரு பங்கு அளவு"ன்னான். அமெரிக்காவுல நூறு டாலருக்கு மேலயாம், இங்கே வரவழைச்சா இன்னும் கூடவாம்.

எனக்குத் தூக்கம் வரலை. மறுநாளே பஸ் ஏறி வீரவநல்லூர் போய் ஆச்சிகிட்ட விலையைச் சொன்னேன். அவங்க சிரிச்சாங்க. "விலை கேட்டா உங்ககிட்ட கொடுத்தேன்? யாராவது கட்டி முடிச்சா ஒரு தடவை கொண்டாந்து காட்டுங்க. அவுக பத்து வருஷமாக் காட்டுறேன்னு சொன்ன சாமான்"னாங்க. அதனால இப்போ இது இனாம் இல்லை, தாயி. கட்டியாகணும்.

பையன் கணக்குச் சொன்னான். கதையில அந்தக் கப்பல் 947 அடி நீளமாம். நம்ம நெல்லையப்பர் கோயிலே 850 அடிதான்னு சொல்வாங்க, ராஜகோபுரத்துலேருந்து நடந்து போய்ப் பாரு. கப்பலோட 947 அடியை 350-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 82 சென்டிமீட்டர். தட்டு மட்டும் நம்ம வீட்டுப் பெரிய தோசைக்கல் அகலம் வருது. நான் ரெண்டு பாதியையும் சேர்த்து வச்சுப் பார்த்தேன். விளிம்புல அச்சுக்கோடு மெல்லிசா ஓடுது, உப்புத்தாள் போட்டா போயிரும். வட்டம் சுத்தம். பிளாஸ்டிக்தானேன்னு இளக்காரமா எடுத்தேன், குறை சொல்ல ஒண்ணும் அகப்படலை.

அப்போதான் ஒரு கேள்வி கேட்டேன். "ஏலே, டிவியில காட்டினானே, அதை எதுல செஞ்சிருந்தான்?"

பையன் தேடிப் பார்த்துட்டு, "மரம் தாத்தா"ன்னான்.

நான் நம்பலை. திரும்ப வாசிக்கச் சொன்னேன். 1964-ல செஞ்சதாம். மாட் ஜெஃப்ரீஸ்னு ஒருத்தர் வரைஞ்சு கொடுக்க, ரிச்சர்ட் டேட்டின்னு ஒருத்தர் முதல்ல 33 அங்குலத்துல மரத்துல ஒண்ணு செஞ்சு காட்டியிருக்கார். அது பிடிச்சுப்போய், பிறவு 11 அடிக்குப் பெரிசா ஒண்ணு. பெரும்பாலும் பாப்லர் மரம், தீக்குச்சிக்கு ஆகிற ஜாதி. தட்டு பிளாஸ்டிக். அங்கங்கே தகடு சுருட்டிப் போட்டிருக்கு. மேல் குழல் ரெண்டுக்கும் முன்னாடி அரைவட்டமா ஒரு குமிழ் இருக்கு பாரு, முதன்முதலாப் படம் எடுத்தப்போ அதுவும் மரம்தான். மரத்துல அரைவட்டம் எடுத்துச் சிவப்பு அடிச்சு, நடுவுல ஒரு ஊசி. எந்த மெஷின்ல எப்படிப் பிடிச்சிருப்பான்னு எனக்குத் தெரியும்ட்டி. யாரும் சொல்ல வேண்டாம். நாப்பது வருஷமா அதைத்தானே பண்ணேன்.

பின்னாலதான் அந்தக் குமிழைக் கண்ணாடி மாதிரி மாத்தி, உள்ளே மோட்டார் வச்சு, கிறிஸ்துமஸ் மரத்துல போடுற பல்பும் உடைஞ்ச கண்ணாடித் துண்டும் வச்சுச் சுத்த விட்டிருக்காங்க. நம்ம ஊர்க் கொடைக்குச் சீரியல் செட்டுக்காரன் பண்ற வேலைதான். அதைப் பார்த்துத்தான் நீ நட்சத்திரத்துக்குப் போயிட்டு வந்தே!

33 அங்குலம்னு சொன்னேன்லா, அதுவும் கிட்டத்தட்ட இந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற அளவேதான். அந்த மரக்கப்பல் 1970-கள் கடைசியில காணாமப் போச்சாம். 40 வருஷத்துக்கு மேல ஆளுக்கொரு கதை சொல்லியிருக்காங்க. 2023-ல திடீர்னு இன்டர்நெட்ல விலைக்கு வந்துச்சாம். 2024 ஏப்ரல்ல, அந்த நாடகத்தை உண்டாக்கின ஜீன் ராடன்பெர்ரியோட மகன் கைக்கே போய்ச் சேர்ந்துட்டு. யார் வீட்டுக் கட்டிலுக்கு அடியில கிடந்துதோ.

பெரிய கப்பல் 1974-லேருந்து வாஷிங்டன் மியூசியத்துல இருக்கு. அதைப் பத்திப் பையன் வாசிக்க வாசிக்க எனக்கு ஒரு விஷயத்துல கோபம் வந்துட்டு. அந்தக் கப்பலுக்கு இடது பக்கமே கிடையாதாம்! வலது பக்கம்தான் ஜன்னல், எழுத்து, கோடு எல்லாம். விளக்குக்குப் போற ஒயரெல்லாம் இடது பக்கமா வெளியே வருது, அந்தப் பக்கம் கேமரா போகவே போகாது. கப்பல் எதிர்த்திசையில போகணும்னா எழுத்தைக் கண்ணாடியில தெரியிற மாதிரி இடவலம் மாத்தி ஒட்டி, படத்தைத் திருப்பிப் போட்டுக்கிடுவாங்களாம். கொலுப் பொம்மைக்கு முதுகுப்பக்கம் சாயம் பூசாம விடுவானே, அது மாதிரி. நம்ம பட்டறையில சொப்புப் பானைக்கு அடிப்பக்கம் அரக்கு படலைன்னா உங்க தாத்தா தூக்கி எறிவார். நான் ரெண்டு நாளா அந்த அமெரிக்காக்காரங்களைத் திட்டிக்கிட்டே இருந்தேன். அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். வாரா வாரம் ஒரு கதை காட்டியாகணும், பணமும் கட்டாது. நானும் நவராத்திரிக்கு முந்தின ராத்திரி எத்தனையோ பண்ணியிருக்கேன். உன்கிட்ட சொல்றதுக்கென்ன.

நிறமும் அப்படித்தான். டிவியில வெள்ளையாத் தெரியும், சில நேரம் நீலமாத் தெரியும். நிஜத்துல லேசாப் பச்சை ஓடின சாம்பல் நிறமாம். இந்தக் கிட் கட்டுற ஆளுக இதுக்காக வருஷக்கணக்காச் சண்டை போடுவாங்களாம். எனக்கு ஆச்சரியமே இல்லை. அரக்குக் குச்சியைச் சுத்துற மரத்துல அழுத்தும்போது ஒரு சிவப்பு, தாழை மடல் போட்டுத் தேய்ச்சா ஒரு சிவப்பு, வாசல் வெயில்ல வச்சா இன்னொரு சிவப்பு. எந்தச் சிவப்புப்பா உங்க சிவப்புன்னு ஒரு மெட்ராஸ் யாவாரி என்கிட்ட கேட்டிருக்கார். தட்டு மேல கட்டம் கட்டமாக் கோடு தெரியுதே, அது பென்சில் கோடாம். வெறும் பென்சில்! 1990-கள் தொடக்கத்துல பழுது பார்த்தவங்க கோடெல்லாம் அழுத்தமாச் சாயம் போட்டு விட்டுட்டாங்க, பார்த்தவங்க கரிச்சுக் கொட்டியிருக்காங்க. தட்டோட மேல்பக்கத்தை மட்டும் தொடாம விட்டிருந்தாங்களாம். அதை வச்சுத்தான் பழைய நிறத்தைக் கண்டுபிடிச்சு, திரும்பச் சரிபண்ணி 2016-ல வச்சிருக்காங்க. எல்லாத்தையும் துடைச்சுப் பளிச்சுனு ஆக்குறேன்னு கிளம்புறவன்கிட்ட ஒரு ஓரத்தையாவது மறைச்சு வைக்கணும்போல.

இப்போ வேலைக்கு வாரேன். இந்தப் பெட்டியில மூணு விதமாக் கட்டுறதுக்கும் உருப்படி இருக்குன்னு பையன் சொல்றான். முதல்ல எடுத்த படத்துல இருந்த மாதிரி, ரெண்டாவது மாதிரி, வழக்கமா டிவியில வந்த மாதிரி. நீ பார்த்தது மூணாவதுதான். ஆனா முதல் விதத்துக்கு மரக்குமிழ் வரணும்லா. பிளாஸ்டிக்ல அச்சடிச்சுக் கொடுத்திருக்கான், இருக்கட்டும். மிச்சம் கிடந்த மஞ்சக்கடம்புத் துண்டுல நான் ரெண்டு பிடிச்சிருக்கேன். எலுமிச்சம்பழத்தைப் பாதியா நறுக்கினாப்ல இருக்கும். இப்போ கை நடுங்குது, முதல்ல பிடிச்ச மூணு குறுக்க ஓடிட்டு, இது நாலாவதும் அஞ்சாவதும். சிவப்பு அரக்கு போட்டிருக்கேன். ஊசிக்கு உங்க அம்மையோட தையல் ஊசியை முறிச்சுச் சொருகினேன், அவகிட்ட சொல்லாதே. இந்தக் கடிதத்தோட பஞ்சுல பொதிஞ்சு ரெண்டையும் அனுப்புறேன். மேஜையில வச்சுக்கோ. வரும்போது மறக்காம எடுத்துட்டு வா, இல்லைன்னா திரும்பப் பிடிக்கணும்.

கப்பலை அனுப்பமாட்டேன். பேரனையும் கூட்டிக்கிட்டு இங்கே வந்து கட்டு. பட்டறையில அந்த மூலை மேஜையைக் காலி பண்ணிட்டேன். பிளாஸ்டிக் ஒட்டுற பசை நம்ம ஊர்க் கடையில கிடையாது. நீ வாங்கிட்டு வரலாம்னு நினைச்சேன், அது தீப்பிடிக்கிற சாமானாம், பிளேன்ல விடமாட்டானாம். மெட்ராஸ்லேருந்து பையன் வரவழைக்கிறேன்னுட்டான். உள்ளே போடுற விளக்கு பெட்டியில இல்லை, தனியா விப்பாங்களாம். அதை வாங்காதே. நம்ம சீரியல் செட்டுக்காரன் சின்ன பல்பு தாரேன்னிருக்கான், பார்ப்போம்.

ஒண்ணே ஒண்ணு உன்கிட்ட கேட்கணும். பெட்டியில ரெண்டு பக்கத்துக்கும் ஜன்னல் கொடுத்திருக்கான். டிவியில ஓடினது மாதிரியே அச்சு அசலா வேணும்னா இடது பக்கத்தை மொட்டையா விட்டு ஒயரைத் தொங்க விடணும். கதையில ஓடின கப்பல் மாதிரி வேணும்னா ரெண்டு பக்கமும் ஜன்னல் வைக்கணும். பையன் ஒண்ணு சொல்றான், நான் ஒண்ணு சொல்றேன், உங்க அம்மை ரெண்டு பேரையும் சாப்பிட வரச் சொல்றா. நீ வர்ற வரைக்கும் இடது பக்கத்து உருப்படியெல்லாம் அந்தப் பையிலேயே இருக்கும், நான் பிரிக்கமாட்டேன். ஆச்சிக்கு எண்பது ஆகுது. அதை வச்சு லீவு போடு.

இப்படிக்கு,
அப்பா