அயனி மண்டலக் கணிப்பு: தரவு கூடினால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

வளிமண்டலத்தின் மேல்பகுதியில் எலக்ட்ரான்கள் நிறைந்திருக்கும் அயனி மண்டலம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தவர்கள், செயற்கைக்கோள்கள் கூடக்கூட அதைக் காட்டும் கணினி மாதிரியின் கணிப்பு தானாகவே துல்லியமாகிவிடும் என்று நினைத்துவிடக்கூடும். ஒவ்வொரு கருவியும் எதைக் காண்கிறது, எதைக் காண்பதில்லை என்று பார்க்காமல் தரவைக் கொட்டினால், இருக்கும் மாதிரியும் கெடும்.

தரையிலிருக்கும் அயனோசோண்டு ரேடியோ அலையை மேல்நோக்கி அனுப்பி எதிரொலியைக் கேட்கிறது. எலக்ட்ரான் அடர்த்தி உச்சமடையும் எஃப்2 அடுக்கு வரைதான் அதற்குத் தெரியும். அதற்கு மேலே ஊடுருவிய அலை திரும்பி வராது. ஜிபிஎஸ் ரிசீவரோ 20,200 கி.மீ. உயரம் வரை வழியிலுள்ள எலக்ட்ரான்களை எல்லாம் கூட்டி ஒரே எண்ணாகத் தருகிறது. எந்த உயரத்தில் எவ்வளவு என்று அந்த எண்ணிலிருந்து பிரிக்க முடியாது. மாதிரியின் மேல் எல்லை 2,000 கி.மீ.யில் நின்றுவிட்டால், அதற்கு மேலுள்ள பிளாஸ்மாவும் (மின்னூட்டம் பெற்ற வாயு) எஃப் அடுக்கின் கணக்கில் ஏறிவிடும். எஃப் அடுக்கு மெலியும் இரவில் இந்தப் பிழை பெரிதாகத் தெரியும்.

கட்டுரை தொடாமல் விட்ட இன்னொன்று, கருவிச் சாய்வு, அதாவது கருவி தானாகவே அளவீட்டில் சேர்த்துவிடும் பிழை. இந்தக் கணக்குக்குப் பயன்படும் ஜிபிஎஸ்ஸின் இரண்டு அலைவரிசைகளும் ரிசீவருக்குள் சம நேரத்தில் கடப்பதில்லை. அந்த வித்தியாசத்தில் 1 நானோ விநாடி தவறினால், மொத்த எலக்ட்ரான் அளவில் ஏறக்குறைய 2.85 அலகு பிசகும். ஓர் அலகு என்பது சதுர மீட்டருக்கு நூறு கோடி கோடி, அதாவது 10¹⁶ எலக்ட்ரான்கள். ஜிபிஎஸ்ஸின் முதல் அலைவரிசையில் ஓர் அலகு என்பது சுமார் 16 செ.மீ. தூரப்பிழை. பின்னிரவில் மொத்தமே ஐந்தாறு அலகுதான் இருக்கும் இடங்களில், சாய்வைச் சரியாகக் கழிக்காவிட்டால் விடை எதிர்மறையாகக்கூட வரும். எலக்ட்ரான் எண்ணிக்கை எதிர்மறை ஆகாது என்பதால், பிழையைப் பிடிக்க இதுவே எளிய வழி. ஆன்டெனாவையோ கேபிளையோ மாற்றினாலும், ரிசீவர் அறையின் வெப்பநிலை ஏறி இறங்கினாலும் சாய்வு மாறும். ஒருமுறை கணக்கிட்டதை வருடக்கணக்கில் வைத்துக்கொள்வது தவறு.

2019 ஜூனில் ஏவப்பட்ட காஸ்மிக்-2 திட்டத்தின் ஆறு செயற்கைக்கோள்கள் பூமியின் நடுக்கோட்டை ஒட்டிய வெப்பமண்டலப் பகுதிகளுக்கு மேலே பெரிய வரம். அடிவானத்தில் மறையும் ஜிபிஎஸ் சமிக்ஞையிலிருந்து அவை உயரவாரியான அடர்த்தியைத் தருகின்றன. ஆனால் பாதையின் மொத்த அளவை உயரவாரியாகப் பிரிக்கும் வழக்கமான ஏபெல் கணக்கு, ஒரே உயரத்தில் அடர்த்தி எங்கும் சமம் என்று வைத்துக்கொள்கிறது. பூமியின் காந்த நடுக்கோட்டின் இருபுறமும் சுமார் 15 பாகையில் எழும் அடர்த்தி மேடுகளுக்கு இது பொருந்தாது. அங்கே எஃப் அடுக்குக்குக் கீழே, உண்மையில் இல்லாத அமைப்புகள் கணக்கில் முளைக்கும். கணக்கிட்ட அடர்த்தியை விட்டுவிட்டு, சமிக்ஞைப் பாதையின் மொத்த அளவையே மாதிரிக்குக் கொடுப்பது மேல்.

இந்தத் தரவுகளை, மாதிரியையும் அளவீடுகளையும் அவற்றின் பிழை அளவுக்கேற்ப இணைக்கும் கணித முறையான கால்மன் வடிகட்டியில் சேர்க்கும்போது ஒவ்வொன்றின் பிழை அளவையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதைக் குறைத்துச் சொன்னால் ஒரே நிலையம் சுற்றுவட்டாரம் முழுவதையும் தன் பக்கம் இழுத்துவிடும். அடர்த்தியை மட்டும் திருத்தினால் அந்தத் திருத்தம் சில மணி நேரத்தில் கரைந்துபோகும். அயனி மண்டலத்தை ஓட்டுவது சூரியக் கதிர், மின்னூட்டமில்லாத நடுநிலைக் காற்று, மின்புலம் ஆகியவை. முன்கணிப்பு வேண்டுமானால் அவற்றையும் சேர்த்தே திருத்த வேண்டும்.

சோதிக்கும்போது சில அயனோசோண்டுகளைக் கணிப்பில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்து, விடையை அவற்றோடு ஒப்பிட வேண்டும். உள்ளே கொடுத்த தரவோடே ஒப்பிட்டுப் பொருத்தம் காட்டுவது சோதனை ஆகாது.

கட்டுரையோடு வந்த உலக வரைபடத்தில் பெருங்கடல்களும் கண்டங்களைப் போலவே சீராக வண்ணம் பூசப்பட்டிருந்தன. கடலில் தரை ரிசீவர்கள் தீவுகளில் மட்டுமே உண்டு. மற்ற இடங்களில் பெரும்பாலும் மாதிரியின் ஊகமே வண்ணமாகத் தெரிகிறது. அடுத்த முறை நிலையங்களின் இடங்களையும் புள்ளிகளாகக் குறித்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்