வகுப்புக் குழுவில் பேசாமல் இருப்பதைப் பற்றி

அன்புள்ள மகனுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

சென்ற வாரம் தொலைபேசியில் நீ சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு செய்தி என் மனத்தை விட்டு அகலவில்லை. வகுப்பில் வாய் திறந்தபடி உறங்கிப்போன ஒரு மாணவனை யாரோ படம்பிடித்து, அதை ஸ்டிக்கராக்கி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள் என்றும், இப்போது யார் எதைக் கேட்டாலும் அந்த ஸ்டிக்கரே பதிலாக வந்து விழுகிறது என்றும் சொன்னாய். "நான் எதுவும் போடவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்" என்று நான் கேட்காமலே சொன்னாய். அது உன்னையும் எங்கோ உறுத்துகிறது என்று புரிந்துகொண்டேன். பேச்சில் இது பாதியிலேயே திசை மாறிவிடும் என்பதால்தான் எழுதுகிறேன்.

அந்த மாணவனின் இடத்திலிருந்து அந்தக் குழுவைப் பார். சிரித்தவர்கள் பத்துப் பேராக இருக்கலாம். மற்ற அனைவரும் உன்னைப் போல மனத்துக்குள் சங்கடப்பட்டிருக்கலாம். நேரில் நடந்திருந்தால், சிரிக்காத முகங்களை அவன் கண்டிருப்பான், ஒருவர் தலையைத் திருப்பிக்கொண்டதைக் கவனித்திருப்பான், அதுவே அவனுக்கு ஓர் ஆறுதலாக இருந்திருக்கும். கைப்பேசித் திரையில் அவை எதுவும் தெரிவதில்லை. பேசாதவர்கள் எல்லாரும் சிரித்தவர்களின் கணக்கிலேயே சேர்ந்துவிடுகிறார்கள். நீ நடுநிலையாக இருந்ததாக நினைக்கிறாய். அவனுக்கு அது அப்படித் தெரிந்திருக்க வழியே இல்லை.

போட்டவர் நாளைக்கே மனம் மாறி அதை நீக்கினாலும் விஷயம் அத்துடன் முடியாது. அனைவருக்குமாக நீக்கும் வசதி வாட்ஸ்அப்பில் இரண்டு நாட்களுக்குச் சற்று மேல் வரைதான் கிடைக்கிறது. அதற்குள் நீக்கினாலும், தன் கைப்பேசியில் ஸ்டிக்கரைச் சேமித்துக்கொண்டவரிடம் அது அப்படியே இருக்கும். நம் குழுவில் இருப்பது வெளியே போகாது என்று மாணவர்கள் நம்புவதும் பிழையானது. செய்தியைப் பூட்டி அனுப்பும் மறைகுறியாக்கம் என்பது வழியில் யாரும் எட்டிப்பார்க்காமல் தடுப்பது மட்டுமே. குழுவுக்குள் இருக்கும் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுப்பதை அது தடுக்காது. 2017ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகம், சேர்க்கை கிடைத்திருந்த குறைந்தது பத்துப் பேரிடமிருந்து அந்த இடத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அவர்கள் ஃபேஸ்புக்கில் தனிக் குழு அமைத்து, பாலியல் வன்முறையையும் சிறுவர்களின் மரணத்தையும் கேலி செய்யும் மீம்களைப் பகிர்ந்ததே காரணம். மூடிய குழுதான் அது.

இடம் பறிபோகும் என்ற அச்சத்தால் மட்டும் நீ நல்லபடியாக நடந்துகொள்ள வேண்டும் என்று நான் விரும்பவில்லை. 2010இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், ஒரு முதலாமாண்டு மாணவரின் அந்தரங்கத்தை அவருடைய அறைத்தோழர் வெப்கேமரா வழியாகப் பார்த்து, அதை ட்விட்டரில் எழுதி, மற்றவர்களையும் பார்க்க அழைத்தார். சில நாட்களில் அந்த மாணவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரு மரணத்துக்கு ஒரே காரணம் கற்பிப்பது சரியல்ல என்பதை அறிவேன். ஆனால் அந்த அழைப்பைப் படித்தவர்களில் ஒருவராவது உடனே அந்த மாணவரின் தோளில் கைவைத்து, "உன்னோடு நான் இருக்கிறேன்" என்று சொல்லியிருக்கக் கூடாதா என்று, ஒரு தாயாக, நான் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஃபார்வர்டு செய்வதைப் பற்றியும் ஒரு சொல். ட்விட்டரில் பரவிய செய்திகளை ஆராய்ந்து 2018இல் சயின்ஸ் இதழில் வெளிவந்த ஆய்வு, பொய்ச் செய்தி மறுபகிர்வாகும் வாய்ப்பு உண்மைச் செய்தியைவிட 70 சதவீதம் அதிகம் என்று கண்டது. அதற்குக் காரணம் தானியங்கிக் கணக்குகள் அல்ல, மனிதர்களே என்றும் அது கூறியது. தேர்வு தள்ளிப்போகிறது என்ற வதந்தியானாலும், ஒரு மாணவியைப் பற்றிய பேச்சானாலும், "வந்ததை அனுப்பினேன்" என்பது சமாதானமாகாது. அனுப்பியது உன் விரல்.

இனி என்ன செய்வது என்று கேட்பாய். குழுவிலேயே எழுந்து நின்று அறிவுரை சொல்ல வேண்டியதில்லை; அது பெரும்பாலும் சண்டையில் முடிந்து, அந்த மாணவனின் பெயரே மீண்டும் மீண்டும் அடிபடும். ஸ்டிக்கரை உருவாக்கியவரிடம் தனியாகப் பேசு. இனி பயன்படுத்த வேண்டாம் என்று குழுவில் அவரே ஒரு வரி எழுதினால், அதற்கு உள்ள மதிப்பு வேறு யார் எழுதினாலும் வராது. அவர் மறுத்தால் குழுவின் அட்மினிடம் சொல். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக அந்த மாணவனைத் தேடிப் போ. அனுதாபம் காட்டுவதைப் போலப் பேசாதே, வகுப்பில் அவன் பக்கத்தில் போய் உட்கார், அதுவே போதும்.

இதைவிடக் கொடியது உனக்கோ உன் நண்பர்களுக்கோ நேர்ந்தால், பதறிப்போய் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டாம். தேதியும் அனுப்பியவர் கணக்கும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு, அதன் பிறகு புகார் செய்யுங்கள். அந்தரங்கப் படத்தைக் காட்டி யாராவது மிரட்டினால், பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்காக 2021 முதல் இயங்கிவரும் ஸ்டாப்என்சிஐஐ (StopNCII) என்ற இலவச இணையச் சேவை இருக்கிறது. படம் கைப்பேசியை விட்டு வெளியே போகாமலே, அதற்கான ஓர் எண் அடையாளம் மட்டும் உருவாக்கப்பட்டு, பங்கேற்கும் சமூக ஊடக நிறுவனங்களுக்கு அனுப்பப்படுகிறது; அதைக் கொண்டு அவர்கள் அந்தப் படத்தைக் கண்டறிந்து நீக்க முடியும். வெட்கத்தால் யாரிடமும் சொல்லாமல் தவிப்பவர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை. உன் நண்பர்களிடம் சொல்லி வை. உனக்கே அப்படி ஏதாவது நேர்ந்தால், எந்த நேரமானாலும் என்னை அழை. என்ன படம், ஏன் எடுத்தாய் என்று ஒரு கேள்வியும் முதலில் கேட்க மாட்டேன்.

அந்த மாணவனிடம் பேசிய பிறகு எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா